உப்பிட்டவள்

ஏரி உறைந்த மறுநாள் வந்தாள் நர்ஸ் அய்லி.
ரப்பர் பட்டையும் பாதரசக் குழாயும்
ஒரு தகரப் பெட்டிக்குள்.
முப்பத்தொரு மரவெட்டிகள்
சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு
என் சமையல்கூடத்துப் பெஞ்சில்.
"கரடிக்குக் காய்ச்சல் பார்க்கிறாள்" என்றான் உர்ஹோ.
சிரித்தார்கள்.
எண்களை அவள் உரக்கச் சொல்லவில்லை.
பென்சிலை மட்டும் இரண்டு முறை சீவினாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.
"ரைலி, ஒரு நாளைக்கு எவ்வளவு வெண்ணெய்?"
பெருமையாகத்தான் சொன்னேன்.
கறுப்பு ரொட்டியில் ஒரு விரல் தடிமன்.
உருளைக்கிழங்கில் உருகி வழியும் அளவு.
பன்றிக்கொழுப்பில் தாளித்த குழம்பு,
பீப்பாயில் உப்பிட்ட மீன்,
தாகத்துக்குத் தண்ணீர் இல்லை,
ஆடை எடுக்காத பால்.
பஞ்சத்தில் மரப்பட்டையை இடித்து
மாவோடு பிசைந்து தின்ற சனம் நாங்கள்.
வெறும் ரொட்டியை ஒருவன் முன் வைப்பதும்
எழுந்து போ என்பதும் இங்கே ஒன்று.

அய்லி மறுத்துப் பேசவில்லை.
சன்னலுக்கு வெளியே ஏரியைக் காட்டினாள்.
"மெல்லிய பனிக்கட்டியில் நடக்கிற எல்லோரும்
மூழ்கிவிடுவதில்லை.
யார் மூழ்குவார் என்று எனக்குத் தெரியாது.
எவ்வளவு மெல்லியது என்று அளக்கத்தான் வந்தேன்.
சிகரெட் கொஞ்சம் சுரண்டும்,
கொழுப்பு கொஞ்சம்.
உப்பு என்ன செய்யுமென்று
வாசற்படிக்குத் தூவுகிற உனக்கா சொல்ல வேண்டும்?"

அன்றிரவு தூங்காமல் எண்ணினேன்.
ஒன்பது குளிர்காலம், ஏழு பேர்.
மரம் சாய்ந்து செத்த இருவரைச் சேர்க்காமல்.
ஒஸ்மோ, நாற்பத்திரண்டு வயது,
ஓடிக்கொண்டிருந்த ரம்பத்தை முதலில் அணைத்தான்,
அப்புறம்தான் உட்கார்ந்தான்.
லவ்ரி, சவுனாவுக்கு விறகு அள்ளும்போது.
மார்ட்டி என் மேசையிலேயே,
இரண்டாம் தட்டுக்குக் கை நீட்டியபடி.
உப்பிட்டவளை உள்ளளவும் நினைத்திருப்பார்கள்.
உள்ளம்தான் நின்றுபோயிற்று.

யாரிடமும் சொல்லாமல் தொடங்கினேன்.
வாரத்துக்கு அரைக் கரண்டி உப்பு குறைவு.
இறைச்சியில் பாதியை எடுத்துவிட்டு
உலர்ந்த காளான்.
தட்டோரத்தில் புளிப்பாய்ச் சிவந்த காட்டுப்பழம்.
மூன்று வாரம் ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை.
பாலில்தான் மாட்டிக்கொண்டேன்.
நீலம் பாரித்த கோப்பையைத் தூக்கிப் பிடித்து
"இது பசு கறந்ததா, ஏரி கறந்ததா?" என்றான் உர்ஹோ.
மறுநாளே கொழுத்த பால் திரும்பி வந்தது.
வெண்ணெயைத் தொட எனக்கே கை வரவில்லை,
தை மாதக் கடுங்குளிர் கழியும்வரை.

தௌனோ மட்டும் எதுவும் சொல்வதில்லை.
புகைக்காதவன்; சட்டைப்பையில் தீப்பெட்டி.
ஒருநாள் பார்த்துவிட்டேன்.
ஒரு வாய் சுவைக்குமுன்
பெட்டியைத் திறந்து குழம்பில் தூவினான்:
உப்பு.
நிமிர்ந்தான். என் கண்ணைப் பார்த்தான்.
முதல் வாரத்திலிருந்தே தெரிந்திருக்கிறது.
என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை,
தன் பங்கை விட்டுக்கொடுக்கவும் இல்லை.
அய்லியின் தாளில்
அவன் பெயருக்குக் கீழேதான்
இரண்டு கோடு.

பனி இளகியபோது மறுபடி அளந்தாள்.
பலருக்கு இறங்கியிருந்தது.
சிலருக்கு அசையவில்லை.
உர்ஹோவுக்கு ஏறியிருந்தது,
அதற்கும் பாலைத்தான் திட்டினான்.
தௌனோ கையை நீட்டவே இல்லை;
மூட்டை கட்ட வேண்டும் என்றான்.

முகாம் கலைந்த காலை
கழுவி அடுக்கிய தட்டுகளின் மேல்
அந்தத் தீப்பெட்டி.
திறந்தேன், பாதி இருந்தது.
விட்டுவிட்டானா, மறந்துவிட்டானா?
லாரி பாலத்தைத் தாண்டிவிட்டது.

கொட்ட மனம் வரவில்லை.
சாலை வேலைக்காரர் எட்டுப் பேர் மதியம் சாப்பிட வந்தார்கள்.
அதைத்தான் குழம்பில் போட்டேன்,
அன்றைய அளவில் கழித்துக்கொண்டு.